மதமும் நம் ஆய்வுப்பொருளே



முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் நம் பிள்ளைகளிடம் வறுமை, வன்கொடுமை, இடஒதுக்கீடு பற்றி எழுதச் சொல்கிறார்கள். அவை தேவைதான். ஆனால், நம்மைச் சேரியில் நிறுத்திய மதத்தை ஆராயும் வேலையை மட்டும் ஏன் பிறரிடம் விட்டுவைத்திருக்கிறோம்?

இந்தத் திட்டக்குடியிலிருந்து வெள்ளாற்றோடு கிழக்கே போனால் சிதம்பரம். நந்தனார் கதை முடியும் ஊர். 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுக்கும் பண்ணையார் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையில்தான் அந்த வேதியர் வருகிறார். தீ மட்டும் இரண்டிலும் இருக்கிறது. எது சேர்ந்தது, எது மாறவே இல்லை, ஏன் என்று கேட்பது மதவியல் ஆய்வு. அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி திறந்து நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அதுவும் மத வரலாறே.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் பௌத்த வரலாற்றை எழுதினார். 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். தேடுவதற்கு நம்மவர் பல்கலைக்கழகங்களில் இல்லையென்றால் இப்படித்தான் ஆகும்.

ஒப்பீட்டுச் சமயவியல் யுஜிசி நெட் தேர்விலேயே ஒரு பாடம். மாணவர்களே, அதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர்த் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, பறையடிப்பவர் எங்கே நிற்கிறார் என்று பாட்டிகளிடம் கேட்டு எழுதுங்கள். ஆய்வேட்டின் முதல் இயலை அங்கிருந்து தொடங்கலாம்.