இழுப்பறையில் இருந்த நாவல்

(திண்டுக்கல்லில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவியின் மடியில் அட்டை கிழிந்த நாவல் ஒன்றைப் பார்த்தேன். பிடுங்கி மேசை இழுப்பறையில் பூட்டினேன். "டீச்சர், அது வாடகைப் புத்தகம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ராத்திரி அவங்க சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும்போது நான்தான் வாசிச்சுக் காட்டுவேன்" என்றாள். சின்னாளபட்டிப் பக்கத்துப் பிள்ளை. சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மாலையில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். லட்சுமி எழுதியது. தற்செயல்கள் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

லட்சுமி என்பது புனைபெயர். இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921இல் பிறந்தவர்; தொட்டியம் பக்கம் வளர்ந்து திருச்சியில் படித்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகு வீட்டில் பண நெருக்கடி. படிப்பு நின்றுபோகும் நிலை. ஆனந்த விகடன் எஸ்.எஸ்.வாசனை நேரில் பார்த்து, கதை எழுதித் தருகிறேன், படிப்புக்கு வழி செய்யுங்கள் என்று கேட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படிப் போய்க் கேட்டதை எண்ணிப் பாருங்கள்! கதைகள் வெளிவந்தன, எழுதிய பணத்தில் படித்து டாக்டரானார். நாம் 'வெறும் காதல் கதை' என்று ஒதுக்கும் எழுத்து கட்டிய கட்டணம் அது.

அவருடைய 'பெண் மனம்' நாவல்தான் 1963இல் 'இருவர் உள்ளம்' படமாக வந்தது. 1955இல் தென்னாப்பிரிக்கா சென்றவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து, 1977இல் திரும்பினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது. 1987இல் காலமானார்.

நம் மாவட்டத்தில் பத்தாம் வகுப்போடு நூற்பாலைக்குப் போய்விடும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியும்?

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு நாள் கூடுதல் வாடகையையும் நானே கொடுத்தேன். "நேற்று அம்மா கதை கேட்டிருப்பாங்களே?" என்றேன்.

"மீதியை நானே சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள்.

அதை எழுதி வரச் சொன்னேன். நான்கு பக்கம் கொண்டு வந்தாள். ஒற்றுப்பிழைகள் ஏராளம். முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் சிவப்புப் பேனாவைத் தேடினேன்.