அடுக்களை எண்ணெயும் இரத்தக் கொழுப்பும்

எண்ணெய் என்னும் சொல் எள்ளிலிருந்து பிறந்தது. எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. நாளடைவில் தேங்காய், நிலக்கடலை, சூரியகாந்தி, பாம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் நெய்க்கெல்லாம் அதுவே பொதுப்பெயராய் நிலைத்துவிட்டது. பெயர் ஒன்றாயினும் அவற்றின் இயல்பு ஒன்றன்று. அவை நம் உடலினுட் சென்று செய்யும் வேலையும் ஒன்றன்று. நான் மருத்துவனல்லன், கலைப் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன். ஆயினும் நாள்தோறும் உண்ணும் உணவைப் பற்றி அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றைக் கற்றுப் பிறர்க்குச் சொல்லுதல் ஆசிரியன் கடமையென்று கருதியே இன்று பேச முன்வந்தேன்.

முதலில் ஒரு சிறு காட்சி. நுவரெலியாக் குளிரில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயையும் ஒரு போத்தல் நல்லெண்ணெயையும் அருகருகே வைத்தால், முன்னையது வெண்ணிறமாய் உறைந்துவிடும். பின்னையது நெகிழ்ந்தே நிற்கும். ஏன்? தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை நிரம்பிய கொழுப்பமிலங்கள். அவை வளைவின்றி நேராயிருத்தலால் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்குப்பட்டு எளிதில் உறைகின்றன. நல்லெண்ணெயில் அவ்வகை நூற்றுக்குப் பதினைந்தளவே. எஞ்சியவை நிரம்பாத கொழுப்பமிலங்கள். ஒலிவ் எண்ணெயிலும் கடலெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் நிரம்பாதவையே மிகுதி. பாம் எண்ணெய் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றது. அதிற் பாதியளவு நிரம்பியது.

இவ்வேற்றுமை இரத்தத்திற் செய்வது யாது? கொலஸ்ட்ரோல் நீரிற் கரையாதாகையால், புரதத்தோடு சேர்ந்த சிறு பொதிகளாகவே இரத்தத்திற் பயணம் செய்கின்றது. அவற்றுள் எல்.டி.எல். எனப்படும் தாழடர்த்திப் பொதிகள் மிகுந்தால், அவை இரத்தக் குழாய்ச் சுவரினுட் புகுந்து படிந்து வழியைக் குறுக்குகின்றன. மாரடைப்புக்கு அதுவே பெருங் காரணங்களுள் ஒன்று. இப்பொதிகளை இரத்தத்திலிருந்து வாங்கி அகற்றுவது ஈரல். ஈரற் கலங்களின் புறத்தே அதற்கென வாயில்கள் உள்ளன. இவ்வாயில்களைக் கண்டறிந்து விளக்கிய பிரவுண், கோல்ட்ஸ்ரைன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர்க்கும் 1985ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்டால் இவ்வாயில்கள் குறைகின்றன, எல்.டி.எல். இரத்தத்திலே தேங்குகின்றது. அதற்குப் பதிலாக நிரம்பாத எண்ணெயை உண்டால் அது குறைகின்றது.

இனி நம் தேங்காய்க்கு வருவோம். தேங்காய் நஞ்சென்று கூறுவோர் ஒருபுறம். அது சர்வரோக நிவாரணி என்று கூறுவோர் மறுபுறம். இரு சாராரும் சான்றுகளைக் காட்டுகின்றனர். பசுபிக் சமுத்திரத்திலுள்ள தொக்கெலாவு, புக்காபுக்கா என்னும் தீவுகளின் மக்களைப் பற்றிய ஆய்வு 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொக்கெலாவு மக்கள் தம் உணவுச் சக்தியில் அரைப்பங்குக்கு மேல் தேங்காயிலிருந்தே பெற்றனர். அவர்களிடையே இருதய நோய் அரிதாயிருந்தது. இதனை எடுத்துக்காட்டுவோர் மற்றொன்றைச் சொல்லாது விடுகின்றனர். தேங்காயைக் குறைவாக உண்ட புக்காபுக்கா மக்களைவிட அவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் கூடுதலாகவே இருந்தது. மேலும் அவர்கள் தேங்காயை நாரோடு கூடிய பருப்பாக உண்டனர், மீன் உண்டனர், சீனி குறைவு, உடலுழைப்பு மிகுதி. நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்து, மாலையில் வடையும் பணிசும் உண்ணும் நாம் அவர்களோடு நம்மை ஒப்பிடலாகுமா?

2018ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினர் நான்கு வாரங்களுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் தேங்காயெண்ணெயையோ ஒலிவ் எண்ணெயையோ வெண்ணெயையோ உண்டனர். வெண்ணெய் எல்.டி.எல்லைக் கூட்டியது, தேங்காயெண்ணெய் அவ்வாறு கூட்டவில்லை. தேங்காய்ப் பிரியர் மகிழ்ந்தனர். ஆனால் ஒரு பரிசோதனையைக் கொண்டு முடிவு கட்டலாகாது. 2020ஆம் ஆண்டில் 16 பரிசோதனைகளை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்தபோது, ஏனைய மரக்கறி எண்ணெய்களைவிடத் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்லை டெசிலீற்றருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் உயர்த்துவது தெரிந்தது. நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல்லையும் அது நான்கு மில்லிகிராம் அளவில் உயர்த்தியது. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்யாதோ என்று கேட்கலாம். எச்.டி.எல்லை உயர்த்தவென்றே ஆக்கிய மருந்தொன்றின் பரிசோதனை, இறப்புக்கள் மிகுந்தமையால் 2006இல் நிறுத்தப்பட்டது. எனவே அதன் உயர்வைக் காட்டி எல்.டி.எல்லின் உயர்வை மன்னிக்க இயலாது. 2001ஆம் ஆண்டில் வெளியான நம் நாட்டு ஆய்வொன்றிலும், இளைஞர் சிலரின் உணவில் தேங்காய்க் கொழுப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தபோது எல்.டி.எல். இறங்கியது.

அடுத்தது உடற்பருமன். இங்கே எண்ணெய்களிடையே உயர்வு தாழ்வு இல்லை. எந்த எண்ணெயாயினும் ஒரு கிராம் 9 கலோரி தரும். மாப்பொருளும் புரதமும் 4 கலோரியே தரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. அதனைச் செலவிட அரைமணி நேரம் விரைந்து நடத்தல் வேண்டும். விலை மிகுந்த ஒலிவ் எண்ணெயும் இவ்விதிக்கு விலக்கன்று.

தேங்காயெண்ணெய் உடலை மெலிவிக்கும் என்றொரு கூற்றுப் பரவியிருக்கின்றது. அதன் மூலம் இது: எட்டு, பத்துக் காபன் அணுக்கள் கொண்ட சிறு கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குச் சென்று விரைவில் எரிகின்றன. அவற்றை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த தனி எண்ணெயால் நிறை சிறிது குறைந்ததாகச் சில பரிசோதனைகள் காட்டின. தேங்காயெண்ணெயிலோ அவை நூற்றுக்குப் பதினைந்தளவே. அதில் மிகுந்துள்ள லோரிக்கமிலம் பெரும்பாலும் மற்றக் கொழுப்புக்கள் செல்லும் வழியாகவே செல்கின்றது. முன்னர்க் கூறிய 16 பரிசோதனைகளின் தொகுப்பிலும் தேங்காயெண்ணெயால் நிறை குறைந்ததாகக் காணப்படவில்லை.

என்னோடு கடமையாற்றிய ஆசிரியர் ஒருவர் இக்கூற்றை நம்பினார். கொலஸ்ட்ரோலுக்கு வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, காலைதோறும் வெறுவயிற்றில் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் அருந்தினார். ஐந்து மாதத்தின் பின் இரத்தத்தைச் சோதித்தபோது எல்.டி.எல். வெகுவாய் ஏறியிருந்தது, நிறையும் இரண்டு கிலோ கூடியிருந்தது. மாத்திரையை நிறுத்தியதும் எண்ணெயைக் கூட்டியதும் சேர்ந்தே அவரை அந்நிலைக்குக் கொணர்ந்தன. நல்லவேளையாக, நெஞ்சு நோகுமுன்னரே அவர் வைத்தியரிடம் மீண்டார். எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை.

அவ்வாறாயின் தேங்காயைத் துறப்பதா? வேண்டியதில்லை. அளவறிந்து உண்டாற் போதும். நிரம்பிய கொழுப்பு உணவுச் சக்தியிற் பத்திலொரு பங்குக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இலும் வலியுறுத்தியுள்ளது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு அது 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயே அவ்வெல்லையை எட்டிவிடும். ஆகவே சொதிக்கும் சம்பலுக்கும் தேங்காயைப் பயன்படுத்தும் வீட்டில், தாளிதத்துக்கும் பொரியலுக்கும் அதே எண்ணெயை ஊற்றாது நல்லெண்ணெயையோ வேறு நிரம்பாத எண்ணெயையோ கொள்வது அறிவுடைமை. அதையும் கரண்டியால் அளந்து ஊற்றுக. எண்ணெயைக் குறைத்த இடத்தைச் சீனியாலும் வெள்ளை மாவாலும் நிரப்பினால் பயனில்லை. இரத்தத்தில் ட்ரைகிளிசரைட்டு என்னும் மற்றொரு கொழுப்பு ஏறும். பருப்பு, கீரை, மீன் ஆகியவற்றால் நிரப்புக.

இன்னும் ஒன்று. எண்ணெயை ஐதரசனேற்றி இறுக்கும்போது உண்டாகும் மாறுபக்கக் கொழுப்பு எல்லாவற்றிலும் கொடியது. அது எல்.டி.எல்லைக் கூட்டி எச்.டி.எல்லைக் குறைக்கின்றது என்பதை ஒல்லாந்து ஆய்வாளர் 1990இல் நிறுவினர். பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் கொதிக்க வைப்பதும் அதனைக் கெடுக்கும். கருகிய எண்ணெயைச் சேமித்து வைப்பது சிக்கனமாகாது.

இரத்தக் குழாய் அடைபடும்போது வலி தோன்றுவதில்லை. அடைபட்ட பின்னரே தோன்றுகின்றது. நடுவயதை அடைந்த நேயர்கள் ஆண்டுக்கொரு முறை இரத்தத்தைச் சோதிப்பித்து, கிடைக்கும் இலக்கத்தை வைத்தியரிடம் காட்டி அவர் சொற்படி நடப்பார்களாக. மாத்திரை உண்பவர் எவர் சொற்கேட்டும் தாமாக நிறுத்தாதிருப்பார்களாக. வீட்டில் எண்ணெய்ப் போத்தலைக் கையாளும் தாய்மாரும் தந்தைமாரும் ஒரு மாதத்துக்கு எத்தனை போத்தல் முடிகின்றது, அதை எத்தனை பேர் உண்கின்றனர் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பார்களாக. அக்கணக்கு வேண்டிய புத்திமதியைத் தானே கூறிவிடும்.