நெருக்கமா, விஷயமா? சிறு குழுக்களின் ஈர்ப்பு குறித்து

(பனவடலிசத்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

மானூர், தேவர்குளம் வழியாக வெயிலில் வந்து இறங்கியவனுக்கு நுங்கு கொடுத்து உட்கார வைத்தீர்கள், நன்றி. யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி நீங்கள் அறிந்ததுதான். மாதம் முந்நூறு கோடிப் பேர் புழங்கும் முகநூலை ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே போகிறோம். என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. ஐம்பது பேர் இருக்கிற ஒரு குழுவில் யாரோ எழுப்பிய சந்தேகம் மட்டும் படுக்கப் போகும்வரை மனதில் கிடக்கிறது. ஏன்?

என் துறை நண்பர்கள் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்: நெருக்கம். ஆள் குறைவு, முகம் தெரியும், பாசம் உண்டு, ஆகவே ஈர்ப்பு. மனிதனால் சுமார் 150 பேரோடுதான் நிலையான உறவு வைத்துக்கொள்ள முடியும் என்று மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990களில் சொன்னதையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். கருத்தரங்குகளில் நான் மறுக்க எழுந்தால் தேநீர் இடைவேளை வந்து அவர்களைக் காப்பாற்றிவிடும். இன்று தேநீர் முன்பே முடிந்துவிட்டது.

உங்கள் ஒவ்வொருவர் போனிலும் ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கும். ஆள் குறைவு. முகம் தெரியும். பாசத்துக்கும் குறைவில்லை. அதில் என்ன நடக்கிறது? காலை வணக்கம், ரோஜாப்பூ, பிறந்தநாள் வாழ்த்து. பாதிப்பேர் ஒலியை அணைத்து வைத்திருக்கிறோம். நெருக்கம்தான் காரணம் என்றால் உலகத்திலேயே உயிர்ப்பான குழு அதுவாக அல்லவா இருக்க வேண்டும்?

என் கட்சி இதுதான்: பிடித்து வைப்பது பாசம் அல்ல, குறுகலான விஷயம். இதற்கு இணையத்துக்கு வெகுகாலம் முந்திய ஒரு சாட்சியை அழைக்கிறேன்.

வத்தலகுண்டுக்காரர் சி.சு. செல்லப்பா. ‘மணிக்கொடி’ இதழ் வழி வந்த எழுத்தாளர். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்ற மாத இதழைத் தொடங்கினார். குமுதமும் விகடனும் கல்கியும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு பத்திரிகை ஆரம்பிக்கிறவர் எவ்வளவு விற்கலாம் என்றுதான் கணக்குப் போடுவார். செல்லப்பாவோ 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று உச்சவரம்பு விதித்துக்கொண்டார். அந்த வரம்பைத் தொடும் ஆபத்து அவருக்கு வரவில்லை என்பது வேறு கதை.

அதில் எழுதியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமி நாகர்கோவிலில். இருபதைத் தொட்டிருந்த தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், கடல் கடந்து திருகோணமலையில். வெங்கட் சாமிநாதன் வடக்கே மத்திய அரசு வேலையில். ஒரே தெருக்காரர்கள் அல்ல, சொந்தபந்தம் அல்ல, பல பேர் ஒருவரையொருவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தபால்காரர்தான் அவர்களுக்கு இணையம்.

அவர்களைக் கட்டிப்போட்டது என்ன? யாப்பை விட்ட கவிதை கவிதையாகுமா, விமர்சனம் என்றால் ரசனையா அலசலா என்ற இரண்டு மூன்று கேள்விகள். அந்தக் கேள்விகள் லட்சம் வாசகர்களுக்குத் தேவையில்லை. தேவைப்பட்ட சில நூறு பேருக்கு அது சாப்பாடு மாதிரி. ந. பிச்சமூர்த்தி ஒரு கவிதை எழுதினால் அதை வரி வரியாகப் பிரித்து ஒருவர் எழுதுவார். அடுத்த இதழில் இன்னொருவர் அவரை மறுப்பார். 1961இல் வெங்கட் சாமிநாதன் ‘பாலையும் வாழையும்’ எழுதினார். தமிழ்ப் பண்பாடே வறண்டுகிடக்கிறது என்ற கடுமையான கட்டுரை. பெரும் பத்திரிகை எதுவும் அதைத் தொட்டிருக்காது. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் ‘புதுக்குரல்கள்’ என்று தொகுப்பாயின. இன்று கல்லூரியில் புதுக்கவிதை என்று நாம் நடத்துவதற்குப் பெரும்பாலும் அங்கேதான் வேர்.

நெருக்கம் என்று சொல்லும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது, இவர்கள் போட்ட சண்டை. பிரமிளும் சாமிநாதனும் பிற்பாடு எப்படி மோதிக்கொண்டார்கள் என்பது சிற்றிதழ் படித்தவர்களுக்குத் தெரியும். செல்லப்பாவும் யாரையும் தட்டிக்கொடுத்து வைத்துக்கொள்கிற ஆள் அல்ல; புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தவர், கருத்தில் அரை அங்குலம் நகராதவர். ஆனாலும் 1970 வரை இதழ் வந்தது. பாசத்தால் சேர்ந்த கூட்டமாக இருந்தால் இரண்டாவது சண்டையில் கலைந்திருக்கும். அரைகுறையாகப் படித்துவிட்டு எழுதினால் அடுத்த மாதமே பிடிபடுவோம் என்ற பயம் இருந்தது பாருங்கள், அதுதான் சுவை.

பழங்கதை என்பீர்கள். இன்றைக்கு வருகிறேன். சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு மல்லிகையும் பிச்சியும் கொண்டுபோகிறவர்கள் வைத்திருக்கும் ஒரு குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். ஒருவர் ஊதா நிறம் ஓடிய மல்லிகை மொட்டைப் படம் எடுத்துப் போட்டார். சற்று நேரத்தில் ஒரு பதில்: “அண்ணாச்சி, மொட்டுல ஓட்டை இருக்கா, இல்ல அடி வீங்கியிருக்கா? பிச்சுப் பாருங்க.” ஓட்டை என்றால் மொட்டுப்புழு, வீக்கம் என்றால் மொட்டு ஈ, மருந்து மாறும். கேட்டவரும் சொன்னவரும் ஒருவரையொருவர் பார்த்தவர்களா என்று விசாரித்தேன். இல்லை. இதே படத்தை முகநூலில் போட்டால் ‘அருமை’ என்று முப்பது பேர் எழுதுவார்கள். அங்கே யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்குக்கு மொட்டு ஈ தெரியாது; எத்தனை விரல் பட்டது என்பதுதான் தெரியும்.

வெளிநாட்டுச் சாட்சியமும் உண்டு. சோஹ்யோன் ஹ்வாங், ஜெரமி ஃபூட் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வுக்காக ரெடிட் தளத்தின் சிறு குழுக்களில் இருபது பேரைப் பேட்டி கண்டிருந்தார்கள். அந்தக் குழுக்களில் ஆளுக்கு ஆள் உறவு பலமாக வளரவில்லை. மிகக் குறிப்பான விஷயமும் குழு என்கிற அடையாளமுமே இழுக்கின்றன என்பது முடிவு. நண்பர்கள் இதைப் படித்திருப்பார்கள். மேற்கோள் காட்டத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பு 2016இல் 256 ஆனது, 2022இல் 512, அதே ஆண்டு 1024. ஆள் கூடக் கூட விஷயம் எப்போது நீர்க்கத் தொடங்குகிறது என்று யாராவது அளக்க வேண்டும். சிறு குழுவுக்குள் சாதியும் வதந்தியும் எளிதில் குடியேறும் என்பதையும் மறுப்பதற்கில்லை; அது தனிச் சொற்பொழிவு.

மணி ஆகிவிட்டது. மாணவர்களுக்குச் சில வேலைகள். சிற்றிதழ்களின் வாசகர் கடிதங்களை மட்டும் தனியே தொகுக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்கலாம். விசைத்தறிக்காரர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், எலுமிச்சை வியாபாரிகள் ஆகியோரின் வாட்ஸ்அப் உரையாடல்களை அனுமதி பெற்றுப் பதிவு செய்யலாம். போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் குழுக்களை நான் தொடவே இல்லை. என் கட்சியை உடைக்க விரும்புகிறவர்கள் குடும்பக் குழுக்களில் உயிரோடு இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவரட்டும், ஆவலோடு படிக்கிறேன்.