இசை இரத்தத்தில் ஊறுவதா?



“கொட்டும் பாட்டும் உங்கள் ஆட்களுக்கு இரத்தத்திலேயே ஊறியது” என்று நம்மைப் பார்த்துச் சொல்வோர் உண்டு. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். கேட்கும்போது நமக்கும் நெஞ்சு சற்று நிமிர்கிறது. அந்தப் பாராட்டை இன்று சிறிது உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

இப்பேச்சு நம்மைப் பற்றி மட்டும் எழுந்ததன்று. ஐரோப்பாவில் போலந்து நாட்டினர் இயற்கையிலேயே இசைவல்லார் என்பர். ஷோப்பான் என்னும் பியானோ மேதையைச் சான்று காட்டுவர். 1810-இல் பிறந்த அவருடைய தாய் போலந்துப் பெண்மணி. தந்தையோ பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர். முதன்முதலில் பியானோ கற்பித்த ஷிவ்னி, செக் இனத்தவர். போலந்து 1795 முதல் 1918 வரை உலகப் படத்திலேயே தனி நாடாக இல்லை. அரசை இழந்த மக்கள் இசையையே தம் நாடாகப் போற்றினர். ஷோப்பான் பெயரால் வார்சாவில் 1927-இல் தொடங்கிய போட்டியில், 1980-இல் முதற்பரிசு பெற்றவர் யார் தெரியுமா? வியட்நாம் இளைஞர் தாங் தாய் சோன்! அமெரிக்கக் குண்டுவீச்சுக்குத் தப்பி ஹனோய் இசைப்பள்ளி சிற்றூருக்கு இடம்பெயர்ந்த காலத்தில், ஆசிரியையான தாயிடம் பயின்றவர் அவர். 2000-இல் சீனரும் 2015-இல் கொரியரும் அதே பரிசை வென்றனர். இரத்தம் எங்கே போயிற்று?

நம் ஊருக்கு வருவோம். ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை உண்டு. கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளமிட்டுப் பாசுரங்களை இசையோடு அபிநயிப்பார்கள். பரம்பரை பரம்பரையாக ஒரு சில குடும்பத்தாரே செய்து வருகின்றனர். அவர்களுடைய பயிற்சியைக் குறைத்துப் பேச யான் வரவில்லை. ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது செவியா, கற்கும் உரிமையா? 1939-இல் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை, கோயிலுக்குள் ஒலித்த இசையை நம் பாட்டன்மார் மதிலுக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்க முடியும்.

நம் பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை விறைப்பேற்ற வேண்டும். ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. இரண்டும் வெவ்வேறு வேலை செய்யும். சாமிச்சாட்டு அடி வேறு, தெம்மாங்கு அடி வேறு, சாவுக்கு அடிப்பது வேறு. சிறுவன் பல ஆண்டுகள் பெரியவர் பின்னால் அலைந்து, அடி பிசகித் திட்டு வாங்கித்தான் தேறுகிறான். இரத்தத்தில் ஊறியதாயின் அந்தச் சிறுவனுடைய அக்காளுக்கும் அது வந்திருக்க வேண்டுமே! அண்மைக் காலம்வரை அவள் கையில் குச்சியைக் கொடுத்தார் இல்லை. 1990-களில் திண்டுக்கல் சக்திக் கலைக்குழுப் பெண்கள் பறையை ஏந்திய பிறகன்றோ, பெண்ணுக்கும் அது வரும் என்று நாடு கண்டது.

மிருதங்கம் செய்வோர் நிலை இன்னும் வியப்பானது. தோலைப் பதப்படுத்தி, வார் பிடித்து, சுருதி சேர்த்துக் கொடுப்பவருள் நம்மவர் பலர். நுண்ணிய செவி இல்லாமல் அவ்வேலை நடவாது. டி. எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலில் அவர்கள் வரலாற்றை எழுதினார். அத்தகைய செவி படைத்தவர்கள் ஏன் மேடையில் அமரவில்லை என்று இரத்தவாதம் பேசுவோர் சொல்லட்டும்.

இளையராஜாவைச் சொல்வீர்கள். 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தார், அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகப் பாடித் திரிந்தார், 1968-இல் சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். இலண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது 2025 மார்ச் 8-இல். இவ்வளவையும் இரத்தக் கணக்கில் எழுதிவிட்டால் அந்த மனிதர் கண்விழித்த இரவுகளை யார் கணக்கில் எழுதுவது? (2024 டிசம்பரில் அவர் இவ்வூர்க் கோயிலுக்கு வந்தபோது எழுந்த பேச்சை அறிவீர்கள், அதற்குள் இன்று புகவில்லை.)

மனிதனுக்கு மனிதன் பிறவி வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்குச் சுருதி நிற்கும், தம்பிக்கு நில்லாது. அதைக் கொண்டு ஒரு சாதிக்கோ ஒரு நாட்டிற்கோ மொத்தமாகச் சீட்டு எழுதுவதுதான் பொருந்தாது.

இந்தப் பாராட்டில் நமக்கு நட்டமும் உண்டு. பிறவியிலேயே வந்ததென்றால் அதில் உழைப்பில்லை. உழைப்பில்லையென்றால் கூலி எதற்கு? இழவு வீட்டில் விடிய விடிய அடித்தவனைச் சோறும் சில்லறையும் கொடுத்து அனுப்பினார்கள். இனிக் கொட்டமாட்டோம் என்று மறுத்த சேரிகள் ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ஆளாயின. அந்த நாளில் பறையைத் தூக்கி எறிந்த பெரியவர்களை யான் குறை கூறேன். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தவனும் யானே.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் நடக்கின்றன. வாரத்தில் இரு நாள் இசைக்கும் ஒதுக்குங்கள். பறையும் இருக்கட்டும், ஆர்மோனியமும் வயலினும் இருக்கட்டும். சுரம் எழுதிப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். தேறியவர் மேலே படிக்கத் திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளியும் மதுரையில் அரசு இசைக்கல்லூரியும் இருக்கின்றன. வருகிற ஆசிரியர் நம் தெருப் பெரியவரே ஆனாலும் மாதச் சம்பளம் கொடுத்தே அழையுங்கள். பெண் பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதச் சம்பளத்தை யான் ஏற்கிறேன். நான்காம் மாதத்திற்கு யார் கை தூக்குகிறீர்கள்?