கைமாறிய வானொலி

1950களில் வட்டகொடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் எட்டியிருக்கவில்லை. அங்கு வானொலி என்பது பற்றரியால் இயங்கும் வால்வுக் கருவியே. புதிதாய் வாங்கத் தோட்டக் கூலி இடங்கொடாது. பழைய கருவிகளை வாங்கி விற்கும் வணிகரையே நாட வேண்டும்.

அவர் புதுப் பற்றரி பூட்டிப் பாட வைத்துக் காட்டுவார். ஒலி கணீரென்றிருக்கும். ஆனால் தளர்ந்த வால்வும் நிறைந்த மின்னழுத்தத்தில் பாடும். பற்றரி சற்றே இறங்கியதும் முதலில் சிற்றலை ஊமையாகும். பாதி தேய்ந்த பற்றரியைப் பூட்டிக் கேட்பதே தக்க சோதனை. கடை வாசலில் தயங்கி நிற்கும் தொழிலாளிக்கு அவ்வாறு கேட்கத் துணிவு வருமா?

விற்றவர் நிலை இன்னும் கடினம். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. பயண நாள் குறிக்கப்பட்டவர் அண்டாவையும் வானொலியையும் விற்றாக வேண்டும். பேரத்திற்குப் பொழுதில்லை என்பது வணிகருக்கும் தெரியும். அவரை மட்டும் நோவதும் முறையன்று. திரான்சிஸ்டர் வந்தபின் வால்வுக் கருவியின் மதிப்பு தானே சரிந்தது. ஆயினும் விலையை நிருணயித்தது கருவியின் குரலன்று, விற்பவரின் அவசரமே. அடுத்த காம்பராவில் வாங்க ஆள் இருந்தால் அதுவே மேல்.

வட்டகொடையில் புகைவண்டியேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கியோர், பின்னர் தமிழகத்தில் ஒரு பழைய திரான்சிஸ்டரை வாங்கித் திருப்பியபோது, அங்கும் கேட்டது இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பே.