கண்காணிப்பது யார் என்று கேளுங்கள்

(டிரஸ்டின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற மாதம் ஒரு முதலீட்டு நிறுவனத்தார் நம் டிரஸ்டைத் தேடி வந்தார்கள். வட்டி கிடையாது, லாபத்தில் பங்கு, மாதம் தவறாமல் பணம் என்றார்கள். நம் லெட்டர்பேடில் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. "ஹலாலான வழி ஒன்று வந்தால் அதையும் அடைத்துவிட்டீர்களே" என்று சிலர் வருத்தப்பட்டார்கள். வட்டியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற தவிப்பில் வந்த வருத்தம் அது. அதற்குப் பதில் சொல்வது நம் கடமை.

அவர்களிடம் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: உங்களைக் கண்காணிப்பது யார்? கம்பெனிப் பதிவுச் சான்றிதழை எடுத்துக் காட்டினார்கள். பதிவு வேறு, மக்களிடம் டெபாசிட் வாங்கும் அனுமதி வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் அழிந்திருக்கின்றன.

ஒரு வங்கியின் பிறப்பு முதல் முடிவு வரை ரிசர்வ் வங்கியின் பார்வையில் நடக்கிறது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதன் உரிமம் இல்லாமல் யாரும் வங்கி நடத்த முடியாது. தனியார் வங்கியின் பங்குகளில் 5 சதவீதமோ அதற்கு மேலோ ஒருவர் வாங்க நினைத்தால் முன் அனுமதி பெற வேண்டும். நிர்வாக இயக்குநரை நியமிக்கவும் முன் அனுமதி வேண்டும். நாம் போடும் பணத்தில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியிடமும், இன்னொரு பகுதியை அரசுக் கடன் பத்திரங்கள் போன்றவற்றிலும் ஒதுக்கி வைக்க வேண்டும். தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளுக்கு உரிமையாளர் மத்திய அரசு என்றாலும் ரிசர்வ் வங்கி அவற்றின் கணக்குகளையும் ஆய்வு செய்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். உள்ளே கை விட்டதால்தான் அது தெரிந்தது. நம் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் இது புதிதல்ல. கன்டெய்னர் ஏறும் முன் பையர் அனுப்பும் இன்ஸ்பெக்‌ஷன் ஆள், நாம் எடுத்து நீட்டும் பெட்டியை விட்டுவிட்டு, தானாக ஒரு பெட்டியைக் கைகாட்டிப் பிரிக்கச் சொல்வார். வங்கிக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும்.

அப்படி இருந்தும் வங்கிகள் விழவில்லையா என்று கேட்பீர்கள். விழுந்திருக்கின்றன. பக்கத்தில் கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியையே பாருங்கள். சிறு வியாபாரிகளை நம்பி வளர்ந்த வங்கி அது. பிற்காலத்தில் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடனாகித் தள்ளாடியது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தோடு இணைய அனுமதி கேட்டபோது, அந்த ஆண்டு அக்டோபரில் மறுத்தது. 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை வந்தது. மருத்துவம், படிப்பு, திருமணம் போன்ற செலவுகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. நவம்பர் 27 அன்று அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது, தடையும் விலகியது. சுமார் 20 லட்சம் டெபாசிட்தாரர்களின் பணம் முழுமையாகக் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்த வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. கண்காணிப்பு தாமதமாக வந்தது என்று அவர்கள் சொன்னால் நாம் மறுக்க முடியாது. ஆனாலும் சேமிப்பைப் போட்டவர் பத்தே நாளில் மீண்டார்.

இந்தப் பாதுகாப்பு சும்மா வந்ததல்ல. 1960-இல் கேரளாவின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியபோது மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் 1962 முதல் டெபாசிட் காப்பீடு வந்தது. அன்று 1,500 ரூபாய் வரைதான். 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. இந்த வரம்பையும் மறக்கக் கூடாது. 2019-இல் முடங்கிய பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் பெருந்தொகை போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி கண்காணிப்பே இல்லாத இடத்தைப் பாருங்கள். 2008, 2009-இல் இதே திருப்பூரில் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லிப் பணம் வாங்கியது. சுமார் 930 கோடி ரூபாய் மோசடி. கோவை சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. தீர்ப்பு வர 13 ஆண்டுகள் ஆயின. கம்பெனி மூடியபோது பள்ளிக்கூடம் போன பிள்ளை அதற்குள் கல்யாண வயதுக்கு வந்திருக்கும்.

பெங்களூரின் ஐஎம்ஏ நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். ஹலால் முதலீடு என்ற பெயரில் பெரும்பாலும் நம் சமுதாயத்தாரின் பணத்தைத்தான் திரட்டியது. டெபாசிட் என்று சொல்லாமல், பணம் போட்டவர்களைப் பங்குதாரர்கள் என்று எழுதிக்கொண்டது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் துபாய்க்குப் போய்விட்டார். 40,000-க்கும் மேற்பட்டோர் புகார் கொடுத்தார்கள். மார்க்க அறிஞர்களும் பிரமுகர்களும் பக்கத்தில் நின்றதைப் பார்த்து நம்பியவர்கள் பலர். நாங்கள் கடிதம் கொடுக்க மறுத்ததற்கு இதுதான் காரணம். நம் டிரஸ்ட் மீது நீங்கள் வைத்த நம்பிக்கை உங்கள் அமானத். அதை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

அப்படியானால் வட்டிக்கு என்ன வழி? நடப்புக் கணக்கில் வட்டி இல்லை. சேமிப்புக் கணக்கில் சேரும் வட்டியை என்ன செய்வது என்பதை உலமாக்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். வட்டியில்லா வங்கிமுறையை அனுமதிக்கலாம் என்று 2008-இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. அதைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது 2017-இல் தெரியவந்தது. நாம் தொடர்ந்து கேட்போம். கேட்டது கிடைக்கும் வரை, அந்தப் பெயரைச் சொல்லி வருகிறவர்களிடமெல்லாம் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. கணக்கும் சாட்சியும் கேட்பது ஈமானுக்குக் குறைவு அல்ல.

சனிக்கிழமை சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்க்கும் நம் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம்:

1. பணம் கேட்கும் நிறுவனம் எதுவானாலும், டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அந்த அனுமதி கிடையாது. 'சசேத்' என்ற இணையதளத்தில் விவரம் பார்க்கலாம், புகாரும் தரலாம்.

2. சீட்டு போடுவதானால் அரசிடம் பதிவு செய்த சீட்டாக இருக்கட்டும்.

3. வங்கியில் குறை இருந்தால் முதலில் வங்கிக்கே எழுதிக் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

4. மாதம் இவ்வளவு என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, அதற்கு லாபத்தில் பங்கு என்று பெயர் வைத்தால் சந்தேகப்படுங்கள். வியாபாரத்தில் நட்டமும் உண்டு.

டிரஸ்டும் தன்னைக் கண்காணிப்புக்கு உட்படுத்திக்கொள்கிறது. ஜகாத் பணமும் பைத்துல்மால் பணமும் உரிமம் பெற்ற வங்கியில் மட்டுமே இருக்கும். இருவர் கையெழுத்தில்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போகாது. தணிக்கை அறிக்கை ஆண்டுதோறும் ஜமாஅத் முன் வாசிக்கப்படும். அப்போது வாய்மூடி இருக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். எந்த முதலீட்டு நிறுவனத்தின் காகிதத்தைக் கொண்டுவந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன்னால் அலுவலகத்தில் காட்டுங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உழைத்துச் சேர்த்த பொருளில் அல்லாஹ் நம் அனைவருக்கும் பரக்கத் செய்வானாக. அமானத்தைப் பேணுபவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.