ஜெனரேட்டர் கிளம்பவில்லையா?

போன மழையில் கரண்ட் போன இரவு, நம் சங்கத்து பெட்ரோல்-கேஸ் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்தான் வலித்தது. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் சிறு துளைகளை அடைத்திருந்தது. கேஸுக்கு மாற்றியதும் ஓடியது. கேஸ் அந்தத் துளைகள் வழியாகப் போவதில்லை. இனி பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் மூடி வைக்கவேண்டும்.

ஓடி உடனே நின்றால் ஆயிலைப் பாருங்கள். குறைந்தால் சென்சாரே நிறுத்திவிடும்.

அன்று மழைக்கு ஒதுங்க, வண்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளினார்கள். நான் தடுத்ததில் சிலருக்கு வருத்தம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கேஸில் ஓடினாலும் வரும். படி வழியே ஏறி, தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். ஜன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி, வெளியில்தான் ஓடவேண்டும். நாலு பக்கமும் திறந்த தகரக்கூரை ஒன்று போடுவோம். செலவு எவ்வளவு என்று செயலாளர் சார் பார்க்கிறார். விசாரித்துச் சொல்கிறேன் சார்.